சிறிய பலகையும் அகன்ற அலைவரிசையும்

 

நம் சங்கத்தின் வெள்ளி விழாவில் நுண்ணலை உறுப்புகளைப் பற்றிப் பேசுதல் பொருந்துமா எனச் சிலர் வினவக்கூடும். பொருந்தும் என்பதே நம் விடை. நம் இளைஞர்தம் சட்டைப்பையில் கைப்பேசி இருக்கிறது. அதனுள்ளே அலைகளைப் பிரித்தும் வடித்தும் சேர்த்தும் அனுப்பும் சிற்றுறுப்புகள் பல உள்ளன. அவற்றைப் பயன்படுத்தும் நாம், அவற்றை வடிவமைப்போராகவும் ஆக வேண்டாமா?

வினாடிக்கு நூறு கோடி முறை அதிரும் அலையை 1 ஜிகாஹெர்ட்ஸ் என்பர். காற்றில் அதன் நீளம் 30 செ.மீ. இவ்வுறுப்புகள் பலவற்றுக்குக் கால் அலைநீளமே அடிப்படை அளவு; அதாவது 7.5 செ.மீ. கண்ணாடி இழைப் பலகையின்மேல் செம்புப் பட்டையாக அச்சிட்டால் அலையின் வேகம் குறைகிறது. அதனால் ஏறத்தாழ 4 செ.மீ. நீளமே போதும். அப்பட்டையை மடித்து மடித்து அமைத்தால் இடம் இன்னும் சுருங்கும்.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. கால் அலைநீளப் பட்டை ஒன்று, ஓர் அலைவெண்ணிலும் அதன் அண்மையிலுமே செவ்வனே இயங்கும். இன்றைய கருவிகளோ பல அலைவெண்களில் இயங்க வேண்டியவை. கொள்ளிடக் கரை வாய்க்கால்களை அறிந்தோர்க்கு இதற்கான தீர்வு எளிதில் விளங்கும். அகன்ற வாய்க்கால் திடீரெனக் குறுகினால் நீர் முட்டித் திரும்பும். சிறிது சிறிதாகக் குறுகினால் தடையின்றி ஓடும். அதுபோலவே பட்டையின் அகலத்தைப் பல படிகளாக மாற்றினால், அகன்ற அலைவரிசை முழுவதும் மிகக் குறைந்த எதிரொளிப்புடன் செல்லும். ஆனால் படிகள் கூடினால் நீளமும் கூடுமன்றோ! அகலம் நீளத்தைக் கேட்கிறது. சிறுமை அதைக் குறைக்கச் சொல்கிறது. பட்டைகளை அளவுக்கு மீறி நெருக்கினால் ஒன்றின் அலை மற்றொன்றில் புகும். அலைவாங்கியை மிகச் சிறிதாக்கினால் அதன் அலைவரிசைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை 1948இல் சூ என்னும் அறிஞர் நிறுவினார். எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என முடிவு செய்வதே இக்கலையின் உயிர்நாடி.

இத்துறையின் தொடக்கம் நம் நாட்டிலும் உண்டு. 1890களில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் மில்லிமீட்டர் அளவு அலைகளை உண்டாக்கி, அலைக்குழல்களையும் கொம்பு வடிவ அலைவாங்கிகளையும் கையாண்டார். 1897இல் இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் அவற்றை விளக்கினார். அவருடைய கருவிகளைச் செய்து தந்தவர் ஒரு தகரத் தொழிலாளி. போஸின் பெயரை உலகம் அறியும். அத்தொழிலாளியின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. சிந்திப்பவன் வேறு, கையால் செய்பவன் வேறு எனப் பிரித்து வைத்ததே சாதி. இத்துறையில் அப்பிரிவினை செல்லாது. கணக்கிடும் மூளையும் பற்றவைக்கும் கையும் ஒருவரிடமே இருத்தல் நன்று.

இதற்கு ஏக்கர்க் கணக்கில் நிலம் வேண்டா. 1960இல் வில்கின்சன் வெளியிட்ட மின்திறன் பகுப்பானை எடுத்துக்கொள்வோம். 50 ஓம் மின்மறுப்புள்ள பாதை ஒன்று, 70.7 ஓம் கொண்ட இரு கால் அலைநீளக் கிளைகளாகப் பிரிகிறது. கிளைகளின் முனைகளுக்கு இடையே 100 ஓம் மின்தடை ஒன்று அமைகிறது. செம்பு பூசிய பலகையில் ஃபெரிக் குளோரைடு கொண்டு இதை நாமே செய்யலாம். அளந்து பார்க்கும் சிறு கருவி இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கணினியில் முன்கூட்டிச் சோதிக்கும் மென்பொருள்கள் இலவசமாகவும் உள்ளன.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் மண்ணிலிருந்து வெட்டப்பட்டு லாரிகளில் ஆலைக்குப் போவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். நம் பிள்ளைகளின் அறிவும் அவ்வாறே பிறர் வடிவமைப்புக்கு மூலப்பொருளாகிவிடக் கூடாது. 1944இல் தொடங்கிய மேற்கல்வி உதவித்தொகை நம்மவரைக் கல்லூரி வாயில்வரை கொண்டு சேர்த்தது. அண்மையில் திருச்சியில் தேசியத் தொழில்நுட்பக் கழகமும், சென்னைத் தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையமும் உள்ளன. அங்கே நம் பெண்களும் ஆண்களும் ஆய்வாளராக நுழைய வேண்டும்.

ஆகவே சங்கத்திற்கு நம் வேண்டுகோள் ஒன்றே. இவ்விழாவின் நினைவாகப் படிப்பகத்தின் ஒரு மூலையில் ஒரு மேசையும், பற்றவைப்புக் கருவியும், அளவீட்டுக் கருவியும் அமைத்துத் தருக. பொன்னாடைகளுக்கு ஆகும் செலவிலேயே அது நிறைவேறும். மாணவர்களே, மாணவிகளே! அம்மேசையில் தூசி படியாமல் காப்பது உங்கள் பொறுப்பு.