சிபார்சே மூலதனம்

துணி வியாபாரி துணியை விரித்துக் காட்டலாம். கணக்காளர் எதனை விரித்துக் காட்டுவார்? அவர் விற்பது உழைப்பு. அதன் தரம் வாங்கிய பின்னரே தெரியும். ஆதலின், தெரிந்தவர் சொல்லும் நற்சொல்லே அவருக்கு மூலதனம்.

கலிபோர்னியாவில் தொழில் ஆலோசகராயிருந்த ஐவன் மைஸ்னர், பெரிய வாடிக்கையாளர் ஒருவரை இழந்து தவித்தபோது, 1985 ஆம் ஆண்டில், நம்பிக்கைக்குரிய நண்பர்களைக் கூட்டினார். ஒருவர் மற்றவருக்கு வாடிக்கையாளரை அனுப்ப வேண்டும் என்பதே ஏற்பாடு. வாரந்தோறும் கூட்டம், தொழிலொன்றுக்கு ஒருவரே அங்கத்தவர். இவ்விதியே அதன் உயிர்நாடி. பல்வைத்தியர் இருவர் அருகருகே அமர்ந்திருப்பின், ஏனையோர் யாரைச் சிபார்சு செய்வர்? இடங் கிடையாதோருக்காக வேறு குழு எழுந்தது, பின்னர் பீ.என்.ஐ. என்ற பெயரில் அது பல நாடுகளிலும் பரவிற்று.

இதனை இலவசமென எண்ணிவிடலாகாது. சந்தாவும் காலைப்பொழுதும் செலவே. அன்றியும், தகுதியற்றவரைச் சிபார்சு செய்தால், செய்தவரின் பெயரே முதலிற் கெடும்.