பனிமலையில் ஒரு பெண்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

'பெண்மக்களும் விளையாட்டும்' என்னும் பொருள்பற்றிச் சில சொல்லுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பொருளோ பெரிது, எனக்கு வகுத்த நேரமோ சிறிது. ஆகவே ஒரே ஒரு விளையாட்டையும், அதில் புகழ் பெற்ற ஒரு பெண்ணின் வாழ்வையும் எடுத்துக்கொண்டு, அதனால் நாம் அறியத்தக்கது யாது என்பதை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். விளையாட்டு, மலைச்சரிவில் ஆடும் பனிச்சறுக்கு. பெண், இமாசலப் பிரதேசத்து மணாலியை அடுத்த புருவா என்னும் சிற்றூரில் 1996ஆம் ஆண்டு பிறந்த ஆஞ்சல் தாக்கூர்.

"திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு பனிச்சறுக்கைப் பற்றிப் பேசுவதா?" என்று உங்களுள் சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. நியாயமான புன்னகைதான். நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்தாகப் பகுத்தனர்; பனிநிலம் என ஒன்றை வகுக்கவில்லை. முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்குப் பெயரிட்டனர் எனினும், அந்தப் பனி புல்நுனியில் தங்கிக் கதிரவனைக் கண்டதும் மறைவது. வீட்டையும் வழியையும் மூடிக் கிடக்கும் பனியன்று.

ஆயினும் அந்தப் பனிமலைக்கும் இந்த நகருக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்நாட்டின் விளையாட்டு வளர்ச்சிக்கு வித்திட்டவர் கர்னல் கோத வர்ம ராஜா. ஜி.வி. ராஜா என்றால்தான் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் பெயரால் இந்நகரின் எல்லைப்புறத்தே ஒரு விளையாட்டுப் பள்ளி நடைபெறுகின்றது. அப்பெருமகனார் 1971ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஒரு விமான விபத்தில் உயிர் நீத்தார். எங்கே? இமாசலத்தின் குலு பள்ளத்தாக்கில். அந்தப் பள்ளத்தாக்கின் தலைமாட்டில்தான் மணாலி இருக்கின்றது. அதற்கும் மேலே சோலங் சரிவு இருக்கின்றது. நம் நகரத்து விளையாட்டுத் தந்தை கண்மூடிய மலைப்பக்கத்திலேயே, கால் நூற்றாண்டு கழித்து நான் கூறவந்த பெண் பிறந்தாள் என்பதை எண்ணும்போது, அவ்விடம் நமக்கு முற்றிலும் அயலிடமன்று என்று தோன்றுகிறதல்லவா?

இனி விளையாட்டைப் பற்றிச் சிறிது. இரு கால்களிலும் நீண்ட மெல்லிய பலகைகளைப் பூட்டிக்கொண்டு, இரு கைகளிலும் கோல் ஏந்தி, மலையுச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பாய்வதே பனிச்சறுக்கு. பந்தயத்தில் பல வகை உண்டு. டவுன்ஹில் என்பது வேகத்தின் பந்தயம்; மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீரர்கள் இறங்குவர். ஸ்லாலம் என்பது நுட்பத்தின் பந்தயம். சிவப்பும் நீலமுமாக மாறி மாறி நட்ட கழிகளிடையே, இடமும் வலமுமாக நொடிக்கு நொடி உடலை வளைத்துக்கொண்டு இறங்க வேண்டும். வாயில் ஒன்றைத் தவறவிட்டாலும் பந்தயம் போயிற்று. ஒருமுறை இறங்கினாற் போதாது. கழிகளை வேறு வகையாக நட்டபின் மறுமுறையும் இறங்கி, இரு முறைக்கும் ஆன நேரத்தைக் கூட்டியே வெற்றியை முடிவு செய்வர். கழிகளை அகல நட்டு வேகத்தையும் சேர்த்துக்கொள்வது ஜயன்ட் ஸ்லாலம்.

நேரத்தை நொடியின் நூறில் ஒரு பங்குவரை அளப்பர். அந்த நூறில் ஒரு பங்கின் அருமையை உலகில் யாரும் கேரளத்து மக்களுக்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடையோட்டத்தில் பய்யோளியின் பி.டி. உஷா 55.42 நொடியில் ஓடினார். வெண்கலம் பெற்ற ருமேனியப் பெண் 55.41 நொடியில் ஓடினார். இமைப்பொழுதினும் சிறிய அந்த இடைவெளி இன்றும் இந்நாட்டார் நெஞ்சில் நிற்கின்றது.

பனிச்சறுக்கில் புகழ் நாட்டிய பெண்கள் பலர். ஆஸ்திரியாவின் அன்னமாரி மோசர்-புரோல் 62 உலகக் கோப்பைப் பந்தயங்களில் வென்றார். அமெரிக்காவின் மிகைலா ஷிஃப்ரின் 2023ஆம் ஆண்டில், ஆடவருள் முதல்வராயிருந்த ஸ்வீடன் வீரர் ஸ்டென்மார்க்கின் 86 வெற்றிகளையும் கடந்தார். 2025 பிப்ரவரியில் 100ஆவது வெற்றியையும் எய்தினார். இவர்கள் பிறந்த நாடுகளில் பனியும் உண்டு, பணமும் உண்டு, பயிற்சிக்கு வேண்டிய அமைப்புகளும் உண்டு.

ஆனால் குரோவேஷியா நாட்டு யானிட்சா கோஸ்டெலிச் என்னும் பெண்ணின் கதை வேறு. ஜாக்ரெப் நகரை அடுத்து ஆயிரம் மீட்டரளவே உயர்ந்த மலையொன்றே அவருக்கு வாய்த்த பயிற்சிக்களம். தந்தையே ஆசிரியர், தமையனே உடன் பயிலும் தோழன். பந்தயங்களுக்காக அயல்நாடு செல்லும்போது விடுதிக்குப் பணமின்றிக் கூடாரத்திலும் மோட்டார் வண்டியிலும் உறங்கி எழுந்த குடும்பம் அது. அப்பெண் 2002ஆம் ஆண்டு சால்ட் லேக் சிட்டியில் நடந்த பனிக்கால ஒலிம்பிக்கில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் மலைச்சறுக்கில் மூன்று தங்கம் வென்ற பெண் அவருக்கு முன் ஒருவரும் இலர். முழங்காலில் பலமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்டும் களம் திரும்பியவர் அவர்.

நம் நாட்டின் நிலை என்ன? பனிக்கால ஒலிம்பிக்கில் இந்தியர் முதன்முதல் தோன்றியது 1964ஆம் ஆண்டு, ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில். அதன்பின் 24 ஆண்டுகள் கழித்து, 1988இல் கனடாவின் கால்கரியில், ஷைலஜா குமார் என்னும் பெண் ஸ்லாலம் பந்தயத்தில் இறங்கினார். பனிக்கால ஒலிம்பிக்கில் போட்டியிட்ட முதல் இந்தியப் பெண் அவரே. அன்று தங்கம் வென்றவர் சுவிட்சர்லாந்தின் விரேனி ஷ்னைடர். நம் ஷைலஜா 28ஆம் இடம் பெற்றார். 28 என்ற எண்ணைக் கேட்டு உதட்டைப் பிதுக்க வேண்டா. போட்டியிட்டோர் பலர் இடையிலே வழுக்கி வீழ்ந்த சரிவில், இருமுறையும் இறுதிவரை இறங்கி முடித்தவர்களுள் அவர் ஒருவர். 2006ஆம் ஆண்டு இத்தாலியின் டூரின் ஒலிம்பிக்கில் நேஹா அஹுஜா இறங்கினார். இவ்வாறு ஒருவர்பின் ஒருவராக வந்த வழியிலே வந்தவர்தாம் ஆஞ்சல்.

ஆஞ்சலின் தந்தை ரோஷன் தாக்கூர் தாமே பனிச்சறுக்கில் தேர்ந்தவர். இந்தியப் பனிக்கால விளையாட்டுச் சம்மேளனத்தின் செயலாளராகப் பணியாற்றியவர். தமையன் ஹிமான்ஷு 2014ஆம் ஆண்டு ரஷ்யாவின் சோச்சி ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக இறங்கியவர். தந்தை அறிந்த கலை. தமையன் பயின்ற கலை. வீட்டு வாயிலுக்கு மேலேயே சோலங் சரிவு. சிறுமியாக இருந்தபோதே ஆஞ்சல் பலகை பூட்டினார். 15 வயதில், 2012ஆம் ஆண்டு, அதே இன்ஸ்புரூக்கில் நடந்த இளையோர் பனிக்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். பின்னர்ச் சண்டிகரில் கல்லூரிப் படிப்பையும் விடாது, பந்தயங்களையும் விடாது நடத்தி வந்தார். உலகச் சாம்பியன் பந்தயங்களிலும் இறங்கினார்.

சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. நம் மலைகளில் பனி நிற்கும் காலம் குறுகியது. பந்தயத்துக்கு ஏற்பச் செம்மை செய்த தடங்களும் குறைவு. ஆண்டில் பெரும்பகுதி பயிலவேண்டுமாயின் ஐரோப்பாவுக்குச் செல்லவேண்டும். பலகை, காலணி, தலைக்கவசம் அனைத்தும் அயல்நாட்டிலிருந்து வரவேண்டும். இந்தச் செலவுக்கெல்லாம் பெரும்பாலும் குடும்பமே தோள் கொடுத்தது.

2018ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள், துருக்கி நாட்டின் எர்சுரும் நகரத்தை அடுத்த பலன்டோக்கன் மலையில், பன்னாட்டுப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் ஆதரவில் நடந்த ஸ்லாலம் பந்தயத்தில் ஆஞ்சல் மூன்றாமவராக வந்து வெண்கலப் பதக்கம் பெற்றார். பன்னாட்டுப் பனிச்சறுக்குப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதற் பதக்கம் என அது பாராட்டப்பெற்றது. தலைமை அமைச்சர் வாழ்த்தினார். ஏடுகள் எல்லாம் படம் வெளியிட்டன. அதுவரை அவர் பெயரை அறியாத நாடு ஒரே நாளில் அறிந்துகொண்டது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் மான்டினீக்ரோ நாட்டில் ஜயன்ட் ஸ்லாலம் பந்தயத்தில் மீண்டும் ஒரு வெண்கலம் பெற்றார்.

இவ்விடத்தில் உண்மையை உள்ளவாறே உரைத்தல் வேண்டும். எர்சுருமில் நடந்தது உலகக் கோப்பைப் பந்தயமன்று. ஷிஃப்ரின் போன்றோர் இறங்கும் களமன்று. பன்னாட்டுப் பந்தயங்களின் ஏணியில் அது கீழ்ப்படி. பனிக்கால ஒலிம்பிக்கிலோ, 1964 தொடங்கி 2022இல் பெய்ஜிங்கில் நடந்ததுவரை, இந்தியர் பதக்கம் ஒன்றும் பெற்றதில்லை. இதைக் கூறுவதால் ஆஞ்சலின் பெருமை குறையுமா? குறையாது. ஏணியின் முதற்படியில் கால் வைத்தவரே இல்லாத நாட்டில் ஒரு பெண் கால் வைத்தாள். மேற்படிகளில் நிற்போரை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இது சிறிதாகத் தோன்றும். தரையிலிருந்து முதற்படி எத்துணை உயரம் என்பதை அளந்தவனே இதன் அருமையை அறிவான்.

அன்பர்களே! இவ்வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட கருத்து ஒன்றே. கோஸ்டெலிச்சுக்குத் தந்தை ஆசிரியர். ஆஞ்சலுக்கும் தந்தை வழிகாட்டி. வீட்டிலேயே விளையாட்டு இருந்தது. ஆகவே பெண்பிள்ளை விளையாடினாள். விளையாட்டறியாத வீட்டில் அதே திறனோடு ஒரு பெண் பிறந்தால் அவள் கதி என்ன? அதற்கு விடை இக்கேரளத்திலேயே இருக்கின்றது. உஷாவின் திறனை வளர்த்தது பணமோ வீட்டுப் பரம்பரையோ அன்று. 1976ஆம் ஆண்டு கண்ணூரில் பெண்களுக்கென அரசு ஒரு விளையாட்டுப் பிரிவைத் தொடங்கிற்று; அதற்குத் தேர்ந்தெடுத்த சிறுமியருள் உஷாவும் ஒருவர்; ஓ.எம். நம்பியார் என்னும் நல்லாசிரியர் அங்கே வாய்த்தார். வீடு செய்ய இயலாததை ஊரும் அரசும் செய்தன. விளையாட்டு வீராங்கனை உருவாவதற்கு வழி இரண்டே. ஒன்று, விளையாட்டறிந்த தந்தை. அது பிறப்பின் பேறு. மற்றொன்று, ஊர் கூடிச் செய்யும் ஏற்பாடு. அது நம் கையில் உள்ளது.

நம் நிலையை எண்ணிப் பாருங்கள். நாம் பிழைப்பை நாடிப் பிற மாநிலம் வந்து குடியேறியவர்கள். கரமனையிலும் சாலைத் தெருவிலும் குடியிருப்புகளிலும் வாழும் நமக்குக் கல்வியே நிலம், கல்வியே நகை. அது தவறன்று. ஆயின் நம் ஆண்டு விழாப் பந்தயங்களைக் கவனித்திருப்பீர்கள். பத்து வயதுச் சிறுமியர் ஓட்டத்தில் திரள் திரளாக ஓடுகின்றனர். பதினைந்து வயதுப் பெண்களுக்கு ஓட்டம் வைத்தால் ஓடுவதற்கு ஆள் இல்லை. அந்த ஐந்தாண்டில் அவர்கள் கால்கள் எங்கே போயின? "ஓடாதே" என்று எந்தத் தந்தையும் கட்டளையிடவில்லை. டியூஷன் வந்தது, காலையில் மைதானத்துக்குத் துணைக்குச் செல்ல ஆளில்லை, காலணியின் விலை அதிகம், "இதனால் என்ன பயன்?" என்று வீட்டில் ஒருவர் கேட்டார், பிள்ளை மறுமொழி சொல்லத் தெரியாமல் நின்றுவிட்டாள். தடையால் நின்ற ஓட்டங்களைவிட இவ்வாறு ஓசையின்றி நின்ற ஓட்டங்களே மிகுதி.

ஆகவே இச்சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, 14 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கெனத் தனிப் பந்தயங்களும் பரிசுகளும் ஆண்டுதோறும் வைத்தல் வேண்டும். கோலத்துக்கும் பாட்டுக்கும் அளிக்கும் பரிசுக்கு அவை குறைந்தனவாக இருத்தல் ஆகாது. இரண்டாவது, மைதானம் செல்ல விரும்பும் பெண்பிள்ளைகளுக்குத் தாய்மார் முறைவைத்துத் துணை செல்லும் ஏற்பாடு வேண்டும். ஒரு வீட்டால் நாள்தோறும் இயலாதது ஏழு வீடுகள் கூடினால் வாரம் ஒரு நாள் வேலையாகிவிடும். மூன்றாவது, வசதி குறைந்த பிள்ளைக்குக் காலணியும் பயிற்சிக் கட்டணமும் கொடுக்கச் சங்கத்தில் ஒரு சிறு நிதி வேண்டும். இம்மூன்றுக்கும் பெரும் பணம் வேண்டா; மனம் வேண்டும்.

இம்மூன்றும் செய்தால் நம் குடியிருப்பிலிருந்து நாளையே ஓர் உஷா எழுவாள் என்று நான் கூறவில்லை. நூறு பேர் ஓடினால் ஒருவர் புகழ் பெறுவர்; மற்றைய தொண்ணூற்றொன்பது பேரும் உடல் வலிமையும் உள்ளத் துணிவும் பெறுவர். விழுந்தபின் எழுவது எவ்வாறு என்பதைப் பனிச்சரிவு ஆஞ்சலுக்குக் கற்பித்தது. நம் பெண்களுக்கு அதைக் கற்பிக்கப் பனி வேண்டுவதில்லை. மண் தரையே போதும்.

 அடுத்த ஆண்டு விழாவில் பெரிய பெண்களின் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க இடம் போதவில்லை என்று செயலாளர் அவர்கள் குறைபட்டுக்கொள்ளும் நிலை வரவேண்டும் என வாழ்த்தி விடைபெறுகின்றேன்.