கவிழ்ந்த சொல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரெயில்வேயில் எழுத்தராக அமர்ந்தவன் நான். ஆங்கிலச் சொல்லாராய்ச்சி செய்யும் தகுதி எனக்கில்லை. எனினும், ஒரு சொல்லால் நான் இழைத்த பிழையை உங்கள்முன் கூற விரும்புகிறேன்.

'ஓவர்செட்' என்பது பழைய ஆங்கிலச் சொல். கவிழ்தல், கவிழ்த்தல் என்பன அதன் பொருள். 1719இல் டேனியல் டீபோ எழுதிய 'ராபின்சன் குரூசோ' கதையில், பேரலை படகைக் கவிழ்க்குமிடத்தில் இச்சொல்லே வருகிறது. நாம் படகு கவிழ்ந்தது என்போம். வண்டி குடை சாய்ந்தது என்போம். ஆங்கிலேயரோ இரண்டிற்கும், துயரத்தால் மனம் நிலைகுலைவதற்குங்கூட, இவ்வொரு சொல்லையே ஆண்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதன் இடத்தை 'அப்செட்' பிடித்துக்கொண்டது. வியப்பு என்னவெனில், 'அப்செட்' என்பதற்கு முதலில் 'நிமிர்த்தி நிறுத்துதல்' என்பதே பொருள்! நிறுத்தும் சொல்லே கவிழ்க்கும் சொல்லாகிவிட்டது. ஆயினும் பழம்பொருள் ஓரிடத்தில் மறைந்து வாழ்கிறது. ஏல அறிவிப்புகளில் காணும் 'அப்செட் பிரைஸ்' என்பது கவிழ்ந்த விலையன்று. ஏலம் தொடங்குவதற்கென நிறுத்திய குறைந்தபட்ச விலை.

இதனை நான் அறியாதிருந்த காலம். அண்டை வீட்டு நண்பர் ஒருவர், ஏலத்திற்கு வந்த தையல் இயந்திரத்தைத் தம் மகளுக்காக வாங்க விரும்பி, அத்தொடருக்குப் பொருள் கேட்டார். "விலையைக் கவிழ்த்துவிட்டார்கள், அண்ணா! அவ்வளவு கொடுத்தால் போதும்" என்றேன். அவர் அத்தொகையை மட்டும் எடுத்துச் சென்றார். ஏலம் அத்தொகையில் தொடங்கி மேலே ஏறிற்று. அப்பெண் வாயிலிலேயே காத்திருந்தாள். அவர் வெறுங்கையோடு, தலை கவிழ்ந்து திரும்பினார். என்னை ஒரு சொல்லேனும் கடிந்துகொள்ளவில்லை. அன்றிரவுதான் அகராதியைத் தேடி எடுத்தேன்.

அன்பர்களே! பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்மிடையே, 'நாலெழுத்துப் படித்தவர்' என்று நம்பி, மனுவும் அறிவிப்பும் கொண்டுவந்து பொருள் கேட்பவர் பலர். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் இழிவில்லை. 'பார்த்துச் சொல்கிறேன்' என்னும் இரு சொற்கள் ஒரு குடும்பத்தின் ஏமாற்றத்தைத் தவிர்க்கும். நம் சங்கத்தில் நல்லதோர் அகராதியை வைப்போம். அதனைப் புரட்டிப் பார்க்கும் பழக்கத்தைக் குழந்தைகளுக்கு ஊட்டுவோம்.