முட்டை வடிவில் ஓர் உலகம்

நெப்டியூனுக்கும் அப்பால் ஹௌமியா என்றொரு குறுங்கோள் சூரியனைச் சுற்றி வருகிறது. அது உருண்டை இல்லை. முட்டை போல நீண்டது. காரணம், வேகம். சுமார் 4 மணி நேரத்தில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிறது. அந்த வேகம்தான் அதை இழுத்து நீட்டியிருக்கிறது.

அங்கே குடியிருந்தால்? விடிந்ததும் உலை வைத்து, சமைத்து, சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பகல் இரண்டே மணி நேரம்!

எனக்குப் பெரிய வியப்பு இன்னொன்று. துருவத்தில் தூக்கிய தண்ணீர்க் குடத்தை நீண்ட முனைக்குக் கொண்டுபோங்கள். அதே குடம், அதே தண்ணீர். ஆனால் கனம் வெகுவாகக் குறைந்திருக்கும். முனை, மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. சுழலும் வேகமும் வெளியே தள்ளுகிறது. அதனால்தான் கனம் குறைகிறது.

ஹௌமியாவைச் சுற்றி ஒரு வளையமும் உண்டு. 2017-இல்தான் அது நமக்குத் தெரியவந்தது.