மூச்சுப் பயிற்சியும் மாத்திரைச் சீட்டும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். நம் தெருக்களில் படிப்பு பாதியில் நின்ற பிள்ளைகளின் வீடுகளை எண்ணிப் பாருங்கள். தகப்பனார் படுக்கையில் விழுந்தார். பிள்ளை பத்தாம் வகுப்போடு வேலைக்குச் சென்றான். அத்தகைய பிள்ளைகளின் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து சிவப்பு மையால் நீக்கியது நம் கைதான். ஆதலின் இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சேயாகும்.

இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் யோகா முகாம், தியான வகுப்பு என்னும் தட்டிகள் இப்பொழுது மூலைக்கு மூலை தென்படுகின்றன. ஜூன் 21ஆம் நாளை உலக யோகா நாளென ஐக்கிய நாடுகள் அவை 2014இல் அறிவித்தது. 2015 முதல் அந்நாள் கொண்டாடப்பட்டு வருகிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி, ஆஸ்துமா ஆகிய அனைத்தும் மனத்தை அடக்கினால் அடங்கும் என்று பேசுவாரும் உளர். சஞ்சீவி மலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு ஒரே மருந்தில் எல்லா நோயும் தீரும் என்னும் ஆசை இருப்பதில் வியப்பில்லை! எனினும் அதனை எடைபோட்டுப் பார்க்கவேண்டுவது நம் கடமை.

முதற்கண் ஒன்று கூறுவோம். மூச்சைக் கவனித்து மனத்தை நிலைநிறுத்தும் பயிற்சி நமக்கு அயலானதன்று. புத்தர் பெருமான் கற்பித்த வழி அது. 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்த பண்டிதர் அயோத்திதாசர் கைதேர்ந்த சித்த மருத்துவராகவும் விளங்கினார். தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தியானத்தைப் போற்றிய நெறியும் மருந்தறிந்த அறிவும் அவரிடத்தில் ஒருங்கே இருந்தன. ஒன்றற்காக மற்றொன்றை அவர் விலக்கினாரில்லை.

இனிப் பயனைக் காண்போம். அச்சமும் கவலையும் மிகும்போது உடலில் சில சுரப்புகள் பெருகி, நாடி விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, சர்க்கரையும் கூடுகிறது. மெல்ல மூச்சுவிட்டு அமர்ந்தால் நாடி தணிகிறது. இது மாயமன்று, உடலின் இயல்பு. அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1979இல் ஜான் கபாட் சின் என்பார், மருத்துவத்தால் முற்றும் தீராத வலியோடு வாழ்வோர்க்கென தியானப் பயிற்சியைத் தொடங்கினார். நாட்பட்ட முதுகுவலிக்கு மருந்தைத் தொடுமுன் உடற்பயிற்சி, யோகம், தியானம் போன்றவற்றை முயலலாம் என அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் பரிந்துரைத்தது. நாள் முழுதும் குனிந்து களையெடுக்கும் நம் தாய்மார்கட்கு முதுகுவலி எத்தகையதென்று நாம் விளக்க வேண்டுவதில்லை.

நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஆய்வொன்று 2020இல் வெளியாயிற்று. 24 மருத்துவமனைகளில் மாரடைப்புக் கண்டு மீண்ட 3,959 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு வழக்கமான மருத்துவத்தோடு யோகப் பயிற்சியும் அளித்தனர். யோகம் பயின்றோர் தம் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்தனர். பழைய அலுவல்களுக்கு மற்றவரினும் நன்கு திரும்பினர். ஆயின் மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் இரு பிரிவினர்க்கும் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. மருந்தை நிறுத்தி யோகத்தை வைத்துப் பார்த்த ஆய்வன்று அது என்பதையும் மறவாதீர்கள். வாழும் நாளை இனிதாக்கியது. உயிர் காக்கும் மருந்தின் இடத்தை அது கேட்கவில்லை.

பர்மாவில் பிறந்த வணிகர் கோயங்கா, ஒற்றைத் தலைவலியால் வருந்தி 1955இல் விபாசனா ஆசான் ஊ பா கின் அவர்களை நாடினார். தலைவலி தீர்க்கும் பொருட்டு வந்தால் இந்நெறியின் மதிப்பைக் குறைப்பதாகும் என்று ஆசான் முதலில் மறுத்தாராம்; மனத் தூய்மைக்காக வருவதாயின் வருக என்றாராம். பின்னர் வலி நீங்கிற்று என்பது வேறு செய்தி. தட்டி எழுதி நோயாளியை அழைப்போர்க்கும், வந்தவரைத் திருப்பி அனுப்பிய அவ்வாசானுக்கும் உள்ள தொலைவை நாம் அடிக்கடி நினைப்பதுண்டு.

இனி நம் வீட்டுச் செய்தி. நம் உறவினருள் பெரியவர் ஒருவர், சத்திரப்பட்டித் தறியில் முப்பது ஆண்டு பேண்டேஜ் துணி நெய்தவர், சர்க்கரை நோயர். ஒரு முகாமிற்குச் சென்றார். பெயர் இங்கு வேண்டா. நாற்பது நாளில் உறக்கம் வந்தது, முதுகுவலி தணிந்தது, சிடுசிடுப்பு மறைந்தது. நாமே கண்ணாரக் கண்டோம். 'இனி மாத்திரை எதற்கு?' என்று அங்கே எவரோ கூற, அவர் நிறுத்திவிட்டார். அதனை அறிந்தும் நாம் கண்டிக்கவில்லை. பி.ஏ., பி.எட். படித்த நாம், அவர்தம் முகமலர்ச்சியைக் கண்டு மயங்கினோம். நான்கு திங்களில் உள்ளங்காலில் ஒரு கொப்புளம் எழுந்தது. வலிக்கவில்லை. அதனையும் தியானத்தின் பயனென்றே அவர் கருதினார். சர்க்கரை கால் நரம்புகளை மரத்துப்போகச் செய்துவிட்டதனால்தான் வலிக்கவில்லை என்பதை மதுரையில் மருத்துவர் சொல்லியே நாம் அறிந்தோம். இரண்டு விரல்களை எடுத்தார்கள். வாழ்நாளெல்லாம் அவர் நெய்த துணியைப் போன்ற துணியே அவர் காலில் சுற்றப்பட்டது.

நூற்பாலைத் தோழர்களுக்கு ஒரு சொல். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயொன்று உண்டு, பிசினோசிஸ் என்பர். விடுமுறை கழிந்து திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் தொடக்க அடையாளம். தொழில்வழி நோயெனச் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்ற நோய் அது. தொடக்கத்திலேயே தூசியினின்று விலகினால் பெரும்பாலும் தணியும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரல் மீளாது. இதற்கு வேண்டுவன தூசியை உறிஞ்சும் பொறியும், வேலை மாற்றமும், ஈட்டுத்தொகையும். தூசி நிறைந்த காற்றை ஆழ்ந்து இழுக்கச் சொல்வது எவ்வகைச் சிகிச்சை? சாக்கடை அள்ளும் நம் துப்புரவுத் தோழரையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்க.

நம்மை மிகவும் உறுத்துவது பிறிதொன்று. 'மனம் சரியில்லாததால் நோய் வந்தது' என்னும் சொல், நோயுற்றவனைக் குற்றவாளியாக்குகிறது. முற்பிறவிப் பாவத்தால் இழிந்தாய் என்று நம் முன்னோர்க்குச் சொன்ன சொல்லின் புதிய சட்டை இது. அண்ணல் அம்பேத்கர் பல்லாண்டுகள் சர்க்கரை நோயாலும் கால் நரம்பு வலியாலும் துன்புற்றார், இன்சுலின் ஏற்றுக்கொண்டார், கண்பார்வையும் குன்றிற்று. அந்நிலையிலேயே 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவி, புத்தரைப் பற்றிய தம் பெருநூலையும் முடித்து, டிசம்பர் 6 அன்று மறைந்தார். மனவலிமை போதாமையால் அவர்க்கு நோய் வந்ததென்று எவர் சொல்லத் துணிவார்?

ஆகவே தியானம் வேண்டா என்கிறோமா? இல்லை. கட்டணமின்றி, ஆசை காட்டாது, நாற்காலியில் அமர்ந்தும் செய்யத்தக்கவாறு கற்பித்தால் நலமே. கண்ணில் சர்க்கரைப் பாதிப்பு உள்ளோரையும் மிகை இரத்த அழுத்தம் உள்ளோரையும் தலைகீழாக நிற்கச் சொல்லலாகாது. மனக்காயம் பட்டவர் சிலர்க்குக் கண்மூடி அமர்வதே கலக்கத்தை மிகுவிக்கும், அவரை வற்புறுத்தலாகாது. இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டும் தாய்க்கு விடியற்காலை ஐந்து மணி வகுப்பு பொருந்துமா என்பதையும் நடத்துவோர் எண்ணவேண்டும். அவளுக்கு அரைமணி நேர ஓய்வைத் தேடித் தருவது முதல் வேலை. அதில் கணவன்மார்க்கும் பங்குண்டு!

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்றபின் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. வந்த மாத்திரை அலமாரியில் கிடந்ததைச் சில வீடுகளில் கண்டோம். இதன் பொருட்டுச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். மாலைப் பாடசாலை முடிந்தபின் நம் மண்டபம் வெறுமனே கிடக்கிறது. ஞாயிறுதோறும் ஏழு மணிக்கு அரைமணி நேரம் மூச்சுப் பயிற்சி நடத்துவோம். வருபவர் தம் மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுவரல் வேண்டும். நம் சமூகத்தில் செவிலியர் படிப்புப் பயின்ற பெண்கள் நால்வர் உள்ளனர். இரத்த அழுத்தம் பார்த்து, கால்களையும் பார்த்துக் குறித்துக்கொள்ள அவர்கள் இசைந்துள்ளனர்.

நாம் சொன்ன பெரியவர் இன்றும் நாள்தோறும் மூச்சுப் பயிற்சி செய்கிறார், மாத்திரையும் உட்கொள்கிறார். வரும் ஞாயிறு முதல் வரிசையில் அமர்வதாகக் கூறியுள்ளார். வருகைப் பதிவேட்டை நாமே எடுத்துவருகிறோம்.