காலடி மண்ணின் குளிர்ச்சி



நண்பகலில் தகரக் கூரையின்கீழ் வாடும் ஜொகூர்த் தோட்டத்து மக்களுக்கு, காலடி மண்ணிலேயே குளிர்ச்சி உண்டு எனக் கூற விழைகிறோம். பகல் வெயில் மேல்மண்ணைச் சுடுகிறது. ஒரு மீட்டர் ஆழத்திலோ அச்சூடு ஏறக்குறைய எட்டுவதே இல்லை.

கோம்பாக்கிலுள்ள மலேசிய அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் மண்ணில் குழாய் புதைத்து, அதன் வழியே காற்றைச் செலுத்திப் பார்த்தனர். 2013ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, காற்றின் வெப்பம் 6.9 பாகை செல்சியஸ் வரை தணிந்தது.

இஃது எவ்வாறு நிகழ்கிறது? காற்றின் சூடு குழாய்ச் சுவர் வழியே மண்ணுக்குச் செல்கிறது. ஈரமண் அதனை விரைந்து ஏற்கும்; உலர்மண் தயங்கும். குழாயைச் சுற்றி வெற்றிடம் இருப்பின், அங்குத் தங்கும் காற்றே தடையாகும். ஆகவே, மண்ணை இறுக்கி மூடுதல் வேண்டும்.

ஒன்றை மறத்தலாகாது. குளிர்நாட்டார் கோடையில் மண்ணுக்குள் செலுத்திய வெப்பத்தைக் குளிர்காலத்தில் மீட்டுக்கொள்வர். நமக்கோ குளிர்காலம் இல்லை. குழாய்கள் நெருங்கியிருந்தால் சுற்றிலும் மண் சூடேறிப் பயன் குன்றும். குழாயில் நீர் தேங்கினால் பூஞ்சையும் கொசுவும் பெருகும். எனவே, விற்பவர் சொல்லை மட்டும் நம்பிச் சேமிப்பைச் செலவிடாமல், ஆழம், இடைவெளி, வடிகால் ஆகிய மூன்றையும் கேட்டறியுங்கள்.

பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவையும் உண்டு. வெயிலில் கிடக்கும் தண்ணீர்க் குழாயை ஆழப் புதையுங்கள். ரப்பர் நிரைகளில் மூடுபயிர் மண்ணைக் காப்பதுபோல, வீட்டைச் சுற்றி நிழல்தரும் செடிகொடிகளை வளருங்கள். மண் குளிர்ந்தால் மனையும் குளிரும்.