அமெரிக்கச் செய்தியும் நம் அடுப்பங்கரையும்

(கந்தப்பளையில் 2025 டிசம்பர் இறுதியில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



புயல் ஓய்ந்து முழுதாக ஒரு மாதம்தான் ஆகிறது. 'டிட்வா' என்று பெயர் சூட்டப்பட்ட அந்தப் புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போய்விட்டது. நுவரெலியாவிலும் பதுளையிலும் கண்டியிலும் மலை சரிந்து மண்ணுக்குள் போனவர்களுள் நம் இரத்தமும் சதையுமானவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு நம் அஞ்சலியைச் செலுத்திவிட்டுத்தான் நான் வேறெதையும் பேசத் துணிவேன்.

இக்கூட்டத்திற்கு வரும் வழியில், கடைவீதியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தேன். என் தந்தையாரோடு ஒரே மலையில் கவ்வாத்து வெட்டிய பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். என்னைக் கண்டதும் கேட்டார்: "தம்பி, அமெரிக்காக்காரன் நம்ம தேயிலைக்கு வரி போட்டானாம், பொறவு எடுத்துட்டானாம். இதனால நமக்குப் பேர் கூடுமா, குறையுமா?"

நான் இன்று பேச எண்ணி வந்தது தோட்டப் பாதைகளைப் பற்றி. அதை அடுத்த கூட்டத்திற்கு ஒத்தி வைத்துவிட்டேன். பெரியவரின் கேள்விக்குத் தேநீர்க் கடையில் நின்றபடியே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

2025 ஏப்ரல் 2ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். உலக நாடுகளின் பெயர்கள் அதில் இருந்தன. இலங்கையின் பெயருக்கு எதிரே இரண்டு எண்கள்: 88, 44. அமெரிக்கப் பொருட்களுக்கு நாம் நூற்றுக்கு 88 வீதம் தடை விதிக்கிறோமாம். அதனால் அவர் கருணை காட்டிப் பாதியாக 44 வீதத் தீர்வை விதிக்கிறாராம்! வழக்கில் எதிர்த்தரப்பு ஓர் எண்ணைச் சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது எங்கள் தொழில் வழக்கம். அந்த 88 எங்கிருந்து வந்தது? 2024இல் நாம் அமெரிக்காவுக்கு விற்ற பண்டங்களின் பெறுமதி ஏறத்தாழ 300 கோடி டாலர். அவர்கள் நமக்கு விற்றது 37 கோடி டாலர் அளவு. வித்தியாசத்தை 300ஆல் வகுத்துப் பாருங்கள், 88 வரும். சுங்கச் சட்டமும் கிடையாது, தீர்வைப் பட்டியலும் கிடையாது; வெறும் வகுத்தற் கணக்கு! கடைக்காரரிடம் நீங்கள் மாதம் 10,000 ரூபாவுக்குச் சாமான் வாங்குகிறீர்கள். அவர் உங்களிடம் ஒன்றும் வாங்குவதில்லை. ஆகவே அவர் உங்களைக் கொள்ளையடிக்கிறார் என்று சொன்னால் எப்படியோ, அப்படி.

அந்த 44 ஜூலையில் 30 ஆயிற்று. ஓகஸ்டில் 20 ஆயிற்று. இடையில் நம் அமைச்சர்களும் அதிகாரிகளும் வாஷிங்டனுக்குப் பறந்தார்கள், பேசினார்கள். 44ஐ 20 ஆக்கியதற்கு நன்றி கூறினோம். ஆனால் அந்த 20 தானும் ஏப்ரலுக்கு முன் இருக்கவில்லையே என்பதை அந்தப் பரபரப்பில் நாமே மறந்துவிட்டோம்.

இந்த அடி யார்மேல் விழுந்தது? தேயிலைமேல் என்று பெரியவர் நினைக்கிறார். அன்று. நம் தேயிலையைப் பெருவாரியாக வாங்குவோர் ஈராக்கியர், ரஷ்யர், துருக்கியர், அரபு நாட்டவர். அமெரிக்கர்கள் காப்பிக் குடியர்கள். தேநீர் குடித்தாலும் பனிக்கட்டி போட்டுக் குடிக்கிறவர்கள். அதற்கான தூளை ஆர்ஜென்டினாவிலிருந்து மலிவாக வருவித்துக்கொள்கிறார்கள். அவர்கள் நம்மிடம் வாங்குவது ஆடைகளை. இந்நாட்டு ஆடை ஏற்றுமதியில் நூற்றுக்கு 40 பங்கு அங்கே போகிறது. "அது கொழும்புக்காரர் பிரச்சினை" என்று சொல்வோர் இருந்தால், தங்கள் லயத்திலேயே கதவு கதவாகத் தட்டிப் பார்க்கட்டும். 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தார்கள். அங்கே தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் பெண்களில் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர்! கந்தப்பளைத் தாய் கொழுந்து பறித்துக் கொண்டுவரும் காசு அரிசிக்கும் மாவுக்கும் போகிறது. தம்பியின் பள்ளிச் செலவும் தகப்பனின் மருந்தும் அக்காளின் ஆடைத் தொழிற்சாலைச் சம்பளத்திலிருந்து வருகின்றன. வாஷிங்டனில் ஓர் அட்டையில் எண் மாறினால், கட்டுநாயக்கவில் மேலதிக நேர வேலை நிற்கிறது. இங்கே மருந்துச் சீட்டு மடித்து வைக்கப்படுகிறது.

இனித் தேயிலைக்கு வருவோம். 2025 நவம்பர் 14ஆம் நாள் அதே ஜனாதிபதி, காப்பி, வாழைப்பழம், மாட்டிறைச்சி ஆகியவற்றோடு தேயிலையையும் அந்தப் புதிய தீர்வையிலிருந்து விலக்கினார். ஏன்? நம்மேல் இரக்கமா? அதற்குப் பத்து நாட்களுக்கு முன், நவம்பர் 4ஆம் நாள், நியூஜெர்சியிலும் வர்ஜீனியாவிலும் நியூயோர்க் நகரிலும் தேர்தல் நடந்தது. மூன்றிலும் அவருடைய கட்சி தோற்றது. விலைவாசிதான் அங்கே பேச்சு. காப்பியின் விலையைக் கண்டு முகம் சுளித்த அமெரிக்கத் தாய்மார் வாக்குச் சீட்டால் பேசினார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லையென்று யாரேனும் வாதிடலாம். அந்த வாதத்தை ஏற்க நான் ஆயத்தமாயில்லை.

தேயிலைத் தீர்வையும் அமெரிக்கரும் பழைய உறவினர். 252 ஆண்டுகளுக்கு முன், 1773ஆம் ஆண்டு, இதே டிசம்பர் மாதத்தில், பொஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். நம் தேயிலை என்று மயங்கிவிட வேண்டாம். அது சீனத் தேயிலை. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1867இல்தான். அன்று அவர்கள் கேட்டது ஒன்றே: எங்கள் பிரதிநிதி அமராத பாராளுமன்றம் எங்கள்மேல் வரி விதிக்க எப்படி உரிமை பெற்றது?

தோழர்களே, இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. 1947 தேர்தலில் இம்மலைநாடு இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பியது. நுவரெலியாவிலிருந்து சென்றவர் தொண்டமான் அவர்கள். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்காளர் பட்டியலிலிருந்து நம் பெயர்கள் போயின. 1952 முதல் 1977 வரை நம் வாக்கால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட அந்தச் சபையில் இருக்கவில்லை. அந்தக் காலம் முழுவதும் நாம் பறித்த தேயிலைக்கு ஏற்றுமதித் தீர்வை வாங்கினார்கள். பெட்டிகளைக் கடலில் கொட்ட நமக்குத் துறைமுகமும் இல்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த செய்திகளுள் என்னை உறங்கவிடாமற் செய்தது தீர்வைச் செய்தியன்று. 2025 ஜனவரி 20ஆம் நாள், பதவியேற்ற அன்றே, டிரம்ப் அவர்கள் ஒரு கட்டளையில் கையொப்பமிட்டார். அனுமதியின்றித் தங்கியிருக்கும் தாய்க்கும், தற்காலிக அனுமதியில் இருக்கும் தாய்க்கும் அமெரிக்க மண்ணில் பிறக்கும் குழந்தை, தகப்பன் பிரஜையாகவோ நிரந்தர வதிவாளராகவோ இல்லையென்றால், இனிப் பிரஜையாகாது என்பது அக்கட்டளை. பத்திரிகையில் அதைப் படித்தபோது மேசைமேல் இருந்த தேநீர் ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். குழந்தையைப் பார்த்து, "உன் தகப்பன் யார்? அவனுடைய பத்திரம் எங்கே?" என்று கேட்கும் அந்தக் கேள்வியை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் வீட்டில் கேட்டிருக்கிறேன்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் என்ன சொன்னது? இம்மண்ணில் பிறந்தால் போதாது. உன் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்குப் பத்திரம் காட்ட வேண்டும். சிங்கள உழவர்களுள் எத்தனை பேரால் தகப்பனின் பிறப்புப் பத்திரத்தைக் காட்டியிருக்க முடியும்? ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை. நம்மைத்தான் கேட்டார்கள். என் பாட்டனார் இந்தக் கந்தப்பளை மலையில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் மன்னார்க் கரையிறங்கி, மாத்தளை வழியாக நடந்து வந்தவர். 1949ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் பாட்டனார் விண்ணப்பம் செய்தார். தாயின் மறைவுக்கு ஊருக்குப் போனவர் காய்ச்சலில் விழுந்து பதினான்கு மாதம் அங்கே தங்கிவிட்டார். பன்னிரண்டு மாதத்திற்கு மேல் நாட்டை விட்டுப் போனால் தொடர்ந்து வதிந்ததாகக் கொள்ளப்படாது என்பது விதி. அந்த இரண்டு மாதத்திற்காக விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். கடிதத்தை எழுதிய அதிகாரியை நான் குறை கூறவில்லை. அவர் சட்டத்தைத்தான் எழுதினார். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக அன்று விண்ணப்பித்தார்கள். பதிவு கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

அப்போதும் நீதிமன்றத்தை நம்பினோம். கோடக்கன் பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரித் தொடங்கிய வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. எந்தச் சமூகத்துக்கும் பாதகமாகச் சட்டம் இயற்றலாகாது என்ற அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுதான் நம் கையிலிருந்த ஒரே ஆயுதம். 1953இல் தீர்ப்பு வந்தது: தன் பிரஜைகள் யார் என்று முடிவு செய்வது ஒரு நாட்டுச் சட்டமன்றத்தின் இயல்பான அலுவல், இதில் பாகுபாடு இல்லை! சட்டக் கல்லூரியில் அத்தீர்ப்பை நான் படித்தபோது விரிவுரையாளர் அதன் தர்க்க நயத்தைப் புகழ்ந்தார். நான் என் பாட்டனாரின் கடிதத்தை நினைத்துக்கொண்டு மௌனமாக இருந்தேன்.

அதற்கு 55 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க உயர் நீதிமன்றம் வேறு விதமாகச் சொல்லியிருந்தது. வொங் கிம் ஆர்க் என்ற சமையற்காரர் 1873இல் சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். சீனத்திற்குப் போய் 1895இல் திரும்பி வந்தவரை, நீ பிரஜையல்லன் என்று கரையிறங்க விடாமல் கப்பலிலேயே மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். அவர் வழக்காடினார். அடிமைகளாயிருந்த மக்களுக்காக 1868இல் சேர்க்கப்பட்ட 14ஆம் திருத்தத்தைக் காட்டி, இம்மண்ணில் பிறந்தவன் இந்நாட்டுப் பிரஜை என்று 1898இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சீனரை அந்நாட்டினர் வெறுத்த காலம் அது. அந்த வெறுப்பின் நடுவே அப்படியொரு தீர்ப்பு! இரு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு ஓர் இரவு முழுதும் விழித்திருந்தவன் நான். இன்றைய கட்டளையை மூன்றே நாளில் சியாட்டில் நகர நீதிபதி ஒருவர் நிறுத்திவைத்தார். இந்த டிசம்பரில் அவ்விவகாரத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றிருக்கிறது. அங்கே என்ன நேரும் என்று ஆரூடம் சொல்ல நான் வரவில்லை.

ஆனால், தள்ளப்பட்ட விண்ணப்பத்திற்குப் பின் என்ன நேரும் என்பதை நான் சொல்ல முடியும். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரி அவர்களும் நம்மைப் பங்கிட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று வைத்தார்கள். என் பாட்டனாரின் தம்பி தலைமன்னாரில் கப்பலேறிக் கூடலூர் போனார். நீலகிரியில் அவரைச் "சிலோன்காரன்" என்றார்கள். இங்கே இருந்த என் பாட்டனாரைக் "கள்ளத்தோணி" என்றார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கடைசியாய் இங்கே எஞ்சியிருந்தவர்களுக்குச் சட்டம் கதவைத் திறந்தது 2003இல். பாட்டனார் அதைப் பார்க்க இருக்கவில்லை.

பெரியவரே, கூட்டத்தில் பின்வரிசையில் நீங்கள் நிற்பது தெரிகிறது. உங்கள் கேள்வியை நான் மறக்கவில்லை. அமெரிக்கா தேயிலைத் தீர்வையை எடுத்ததனால் உங்களுக்குப் பேர் கூடாது. ஆனால் அமெரிக்காவைக் காட்டிப் பேரைக் குறைக்க முனைவார்கள், எச்சரிக்கையாக இருங்கள். 1929இல் மலைநாட்டு ஆண் தொழிலாளிக்குக் குறைந்தபட்ச நாட்கூலி 54 சதம் என்று நிர்ணயித்தார்கள். அதே ஆண்டு நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது, உலகெங்கும் தேயிலை விலை விழுந்தது, கூலியைக் குறைத்தார்கள். நியூயோர்க்கில் பங்கு வாங்கியவர் யாரென்று நம் முன்னோருக்குத் தெரியாது. இன்று 1,350 ரூபாவை 2026 ஜனவரி முதல் 1,550 ஆக்கி, வருகைக்கு 200 ரூபா அரசு தரும் என்று நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்திருக்கிறார்கள். கையில் வரட்டும், வரவேற்போம். அதே வேளையில் 18 கிலோ பறித்தால்தான் பேர் என்றிருந்த இடத்தில் 20, 22 என்று ஏற்றி, "உலகச் சந்தை நிலைமை" என்று யாரேனும் காரணம் சொன்னால், எந்தச் சந்தை, எந்த நாள், என்ன விலை என்று எழுத்தில் கேளுங்கள். கொழும்பு ஏலத்தின் விலை வாராவாரம் வெளியாகிறது. அதைப் படித்துச் சொல்ல நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

புயலுக்குப் பின் அமெரிக்க விமானப்படையின் விமானங்கள் நிவாரணப் பொருட்களோடு வந்தன. அதற்கு நன்றி சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. உணவுப் பொதி கொடுத்த கையைக் கடிப்பது நம் மரபன்று. தீர்வைக் கணக்கைச் சரிபார்ப்பது கடிப்பதும் அன்று.

முடிக்குமுன் ஒரு வேலை இருக்கிறது. மண்சரிவிலும் வெள்ளத்திலும் பிறப்புச் சான்றிதழை, அடையாள அட்டையை, விவாகப் பதிவை இழந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். பணப்பையைத் தேடினீர்கள், பானை சட்டியைத் தேடினீர்கள். காகிதம் போனால் போகட்டும் என்று விட்டிருப்பீர்கள். விடாதீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதே மண்டபத்தில் நானும் இரண்டு இளம் சட்டத்தரணிகளும் மேசை போட்டு உட்காருவோம். தோட்டத்தின் பெயர், பிரிவு, பிறந்த ஆண்டு, தகப்பன் பெயர் ஆகியவை தெரிந்தால் போதும். விண்ணப்பத்தை நாங்கள் எழுதுகிறோம். கட்டணம் கிடையாது. நடக்க முடியாத முதியவர்கள் இருந்தால் லய இலக்கத்தைக் கொடுங்கள், நாங்களே வருகிறோம்.